ஸ்டாக்ஹோம் நெரிசல் வரி

ஸ்டாக்ஹோம் நெரிசல் வரி என்பது சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமின் உள்நகரப் பகுதிக்குள் நுழையும் மற்றும் அங்கிருந்து வெளியேறும் வாகனங்கள் மீது, வார நாட்களின் பகல் நேரத்தில் விதிக்கப்படும் வரி ஆகும். சாலை நெரிசலைக் குறைப்பதும் நகரின் சுற்றுச்சூழலை மேம்படுத்துவதும் இதன் நோக்கங்கள். 2006 ஆம் ஆண்டு சனவரி 3 முதல் சூலை 31 வரை இது வெள்ளோட்டமாக நடைமுறைப்படுத்தப்பட்டது. பின்னர் பொது வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, 2007 ஆகத்து 1 முதல் நிரந்தரமாக்கப்பட்டது.

தரவுகளையும் பொருளியல் மதிப்பீட்டையும் கொண்டு போக்குவரத்துக் கொள்கையை வகுப்பதற்கு இது முக்கியமான எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது. திட்டத்தைத் தொடங்கும் முன்னரே அளவீடுகள் எடுக்கப்பட்டன. திட்டம் நடைமுறையில் இருந்தபோதும், நிறுத்தப்பட்ட பின்னரும் அதே அளவீடுகள் மீண்டும் எடுக்கப்பட்டன. இதனால் வரியின் விளைவைப் பிற காரணிகளிலிருந்து பெருமளவு பிரித்தறிய முடிந்தது. இத்தகைய வாய்ப்பு போக்குவரத்துத் துறையில் அரிதாகவே கிடைக்கிறது.

புவியியல் பின்னணி

ஸ்டாக்ஹோம் நகரம் மேலாரன் ஏரி பால்டிக் கடலுடன் கலக்கும் இடத்தில், பல தீவுகளின் மேல் அமைந்துள்ளது. ஆகையால் உள்நகரத்துக்குச் செல்லும் சாலைகளில் பல பாலங்கள் வழியாகவே செல்கின்றன. இப்பாலங்களே நெரிசலின் முதன்மைக் காரணமாகவும் இருந்தன. அதே வேளையில், குறைந்த எண்ணிக்கையிலான வழிகளே இருந்தமையால், வெறும் 18 கட்டுப்பாட்டு நிலையங்களைக் கொண்டு உள்நகரம் முழுவதையும் சுற்றி வளைக்க முடிந்தது. வரி வலயத்தின் பரப்பளவு சுமார் 30 சதுர கிலோமீட்டர். வெள்ளோட்டத்தின்போது அங்கு மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வசித்தனர்.

நகரின் மேற்குப் பகுதி வழியாகச் செல்லும் எசிங்கே நெடுஞ்சாலை, உள்நகருக்குள் நுழையாமல் வடக்கையும் தெற்கையும் இணைக்கிறது. வேறு தகுந்த சுற்றுவழி இல்லாத காரணத்தால், தொடக்கத்தில் இந்நெடுஞ்சாலைக்கு வரி விதிக்கப்படவில்லை.

கருத்தின் வரலாறு

நெரிசலுக்கு விலை வைக்க வேண்டும் என்ற கருத்து பொருளியலில் பழமையானது. ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920 இல் வெளியிட்ட நூலில், ஒரே ஊருக்குச் செல்லும் இரண்டு சாலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்கினார். அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் விக்ரி, 1959 இல் வாஷிங்டன் நகருக்கு மின்னணு முறையிலான சாலைக் கட்டணத்தை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பரிந்துரைத்தார். இவருக்கு 1996 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வெளிவந்த மூன்றாம் நாள் இவர் காலமானார். பிரித்தானிய அரசு அமைத்த சுமீட் குழு 1964 இல் வெளியிட்ட அறிக்கை, சாலைக் கட்டணம் தொழில்நுட்ப அடிப்படையில் சாத்தியமே என்று கூறியது.

இக்கருத்தின் அடிப்படையைப் பின்வரும் எளிய கற்பனைக் கணக்கின் மூலம் விளங்கிக் கொள்ளலாம். ஒரு சாலையை மணிக்கு 1000 வாகனங்கள் பயன்படுத்துகின்றன. ஒவ்வொன்றும் அதைக் கடக்க 10 நிமிடம் எடுத்துக் கொள்கிறது என்க. மேலும் ஒரு வாகனம் சேரும்போது, முன்பிருந்த ஒவ்வொரு வாகனத்துக்கும் 0.02 நிமிடம் கூடுதலாகத் தாமதம் ஏற்படுகிறது. புதிதாக வந்த ஓட்டுநர் உணர்வது தன்னுடைய 10 நிமிடத்தை மட்டுமே. ஆனால் அவர் பிறர் மீது சுமத்தும் தாமதம் 1000 × 0.02 = 20 நிமிடம். சமூகத்துக்கு மொத்தச் செலவு 30 நிமிடம். ஓட்டுநர் கணக்கில் எடுத்துக் கொள்வது அதில் மூன்றில் ஒரு பங்கு. இந்த 20 நிமிடம் பொருளியலில் புறவிளைவு எனப்படுகிறது. இதற்கு ஈடான தொகையைக் கட்டணமாக வசூலித்தால், உண்மையில் தேவையான பயணங்களே நெரிசல் நேரத்தில் மேற்கொள்ளப்படும் என்பது இக்கோட்பாட்டின் சாரம்.

கோட்பாடு ஏற்கப்பட்ட போதிலும், நடைமுறைப்படுத்திய நகரங்கள் மிகச் சிலவே. சிங்கப்பூர் 1975 இல் காகித அனுமதிச் சீட்டுகளைக் கொண்டு நெரிசல் கட்டணத்தைத் தொடங்கியது. 1998 இல் மின்னணு முறைக்கு மாறியது. ஆங்காங்கில் 1983 முதல் 1985 வரை நடந்த மின்னணுச் சோதனை தொழில்நுட்ப அடிப்படையில் வெற்றி பெற்றது. எனினும் தனியுரிமை தொடர்பான அச்சம் உள்ளிட்ட காரணங்களால் எழுந்த மக்கள் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. நோர்வேயின் பேர்கன் (1986), ஒஸ்லோ (1990), திரொண்ட்ஹைம் (1991) ஆகிய நகரங்களின் சுங்க வளையங்கள் சாலை அமைக்க நிதி திரட்டும் நோக்கில் உருவானவை. இலண்டன் 2003 பெப்ரவரி 17 அன்று நாளொன்றுக்கு 5 பவுண்டு கட்டணத்துடன் தனது திட்டத்தைத் தொடங்கியது.

அரசியல் பின்னணி

ஸ்டாக்ஹோமில் வாகனக் கட்டணம் பற்றிய விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1992 இல் அன்றைய சுவீடிய மத்திய வங்கி ஆளுநர் பெங்ட் டென்னிசின் தலைமையில் நடந்த பேச்சுவார்த்தையில், சுற்றுச்சாலைகள், பொதுப் போக்குவரத்து, சுங்கக் கட்டணம் ஆகியவற்றை உள்ளடக்கிய ஓர் ஒப்பந்தம் உருவானது. டென்னிஸ் தொகுப்பு எனப்பட்ட இவ்வொப்பந்தம் 1997 இல் முறிந்தது.

2002 தேர்தலுக்கு முன், சமூக சனநாயகக் கட்சியின் ஸ்டாக்ஹோம் தலைவர் அன்னிகா பில்ஸ்த்ரோம், அடுத்த பதவிக்காலத்தில் நெரிசல் கட்டணம் கொண்டு வரப்படாது என்று வாக்குறுதி அளித்திருந்தார். தேர்தலுக்குப் பின், தேசிய அளவில் சிறுபான்மை அரசுக்கு ஆதரவளிக்கப் பசுமைக் கட்சி விதித்த நிபந்தனைகளுள் ஸ்டாக்ஹோமில் நெரிசல் கட்டணச் சோதனையும் ஒன்றாக இருந்தது. நகர நிர்வாகத்தின் தலைமையை ஏற்ற பில்ஸ்த்ரோம் இதற்கு உடன்பட நேர்ந்தது. வாக்குறுதி மீறப்பட்டதாகக் கடும் கண்டனம் எழுந்தது. முதலில் சோதனை, பின்னர் பொது வாக்கெடுப்பு என்ற வரிசை இச்சூழலிலிருந்தே பிறந்தது.

சுவீடிய அரசியலமைப்பின்படி நகராட்சி தனது எல்லைக்கு வெளியே வசிப்பவர்கள் மீது வரி விதிக்க இயலாது. ஆகவே இக்கட்டணம் தேசிய வரியாக வகைப்படுத்தப்பட்டு, நெரிசல் வரிச் சட்டம் 2004 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. இதன் விளைவாக, வருவாய் முதலில் நகரத்துக்கு அன்றி நடுவண் அரசுக்கே சென்றது. ஒப்பந்தப்புள்ளி தொடர்பான வழக்குகளால் தொடக்கம் தள்ளிப்போயிற்று. முடிவு நாள் மாற்றப்படாததால், சோதனைக் காலம் ஏழு மாதங்களாகச் சுருங்கியது.

அமைப்பு

வரி விகிதம்

வெள்ளோட்டத்தின்போது கட்டுப்பாட்டு நிலையத்தை ஒவ்வொரு முறை கடக்கும்போதும், இரு திசைகளிலும், பின்வரும் வரி விதிக்கப்பட்டது (சுவீடிய குரோனாவில்):

06:30 – 06:59 : 10
07:00 – 07:29 : 15
07:30 – 08:29 : 20
08:30 – 08:59 : 15
09:00 – 15:29 : 10
15:30 – 15:59 : 15
16:00 – 17:29 : 20
17:30 – 17:59 : 15
18:00 – 18:29 : 10

ஒரு வாகனம் ஒரு நாளில் செலுத்த வேண்டிய உச்ச வரம்பு 60 குரோனாவாக இருந்தது. இரவிலும், சனி, ஞாயிறு மற்றும் பொது விடுமுறை நாட்களிலும், விடுமுறைக்கு முந்தைய நாளிலும் வரி விதிக்கப்படவில்லை.

தொழில்நுட்பம்

வாகனங்கள் நிற்கவோ வேகத்தைக் குறைக்கவோ தேவையில்லை. சாலைக்கு மேலே பொருத்தப்பட்ட ஒளிப்படக் கருவிகள் வாகனத்தின் எண் தகட்டைப் படம் பிடிக்கின்றன. கணினி நிரல் அப்படத்திலிருந்து எண்ணை அறிந்து, உரிமையாளரின் கணக்கில் வரியைச் சேர்க்கிறது. இவ்வமைப்பை ஐபிஎம் நிறுவனம் உருவாக்கியது. தொடக்கத்தில் வாகனங்களில் பொருத்தும் வானலைக் கருவிகளும் பயன்படுத்தப்பட்டன. எண் தகடு அறிதல் போதிய துல்லியத்துடன் இயங்கியதால், அக்கருவிகள் பின்னர் கைவிடப்பட்டன.

விலக்குகள்

அவசர ஊர்திகள், பெரிய பேருந்துகள், வாடகை மகிழுந்துகள், விசையுந்துகள், வெளிநாட்டில் பதிவான வாகனங்கள், மாற்று எரிபொருளில் இயங்கும் மகிழுந்துகள் ஆகியவற்றுக்கு வெள்ளோட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. லிடிங்கோ தீவு பெருநிலத்துடன் வரி வலயத்தின் வழியாக மட்டுமே இணைந்திருந்தது. ஆகவே அத்தீவிலிருந்து புறப்பட்டு 30 நிமிடங்களுக்குள் வலயத்தைக் கடந்து செல்லும் வாகனங்களுக்கும் விலக்கு உண்டு.

மதிப்பீட்டுத் திட்டம்

வெள்ளோட்டம் மூன்று பகுதிகளைக் கொண்டிருந்தது: பொதுப் போக்குவரத்து விரிவாக்கம், நெரிசல் வரி, நகர எல்லையில் கூடுதல் வாகன நிறுத்துமிடங்கள். பொதுப் போக்குவரத்து விரிவாக்கம் 2005 ஆகத்து 22 அன்றே தொடங்கியது. 16 புதிய பேருந்துத் தடங்களும் 197 புதிய பேருந்துகளும் சேர்க்கப்பட்டன.

இந்தக் கால இடைவெளி மதிப்பீட்டுக்குப் பெரிதும் உதவியது. பேருந்துகளை அதிகரித்தாலே மகிழுந்துப் போக்குவரத்து குறைந்துவிடும், வரி தேவையில்லை என்ற வாதம் அப்போது வலுவாக இருந்தது. 2005 இலையுதிர் காலத்தில் புதிய பேருந்துகள் ஓடின, வரி இல்லை. அக்காலத்தில் மகிழுந்துப் போக்குவரத்தில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. 2006 சனவரியில் வரி தொடங்கியதும் குறைவு உடனடியாகத் தென்பட்டது. ஆகவே இரு நடவடிக்கைகளின் விளைவுகளையும் தனித்தனியே கணிக்க முடிந்தது.

வாகன எண்ணிக்கை, பயண நேரம், பொதுப் போக்குவரத்துப் பயணிகள், காற்று மாசு, சில்லறை வணிகம், மக்களின் பயணப் பழக்கம், பொதுமக்கள் கருத்து ஆகியவை அளக்கப்பட்டன. பயணப் பழக்கம் பற்றிய ஆய்வு வரிக்கு முன்பும் வரியின்போதும் நடத்தப்பட்டது. அளவீடுகளின் முடிவுகள் வெள்ளோட்டம் நடந்து கொண்டிருந்தபோதே பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டன. ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒரே எண்களைக் கொண்டு விவாதிக்க இது வழிவகுத்தது.

முடிவுகள்

போக்குவரத்து

* வரி நேரத்தில் வலய எல்லையைக் கடந்த வாகனங்களின் எண்ணிக்கை, 2005 வசந்த காலத்துடன் ஒப்பிடுகையில், சுமார் 22 விழுக்காடு குறைந்தது. இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 கடப்புகள். திட்டத்தின் இலக்கு 10 முதல் 15 விழுக்காடாகவே இருந்தது.
* உள்நகருக்குச் செல்லும் முதன்மைச் சாலைகளில் வரிசையில் காத்திருக்கும் நேரம் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது.
* பொதுப் போக்குவரத்துப் பயணிகளின் எண்ணிக்கை சுமார் 6 விழுக்காடு உயர்ந்தது. இவ்வுயர்வு முழுவதற்கும் வரி காரணமன்று. எரிபொருள் விலை உயர்வு போன்ற காரணிகளும் பங்களித்தன.
* வரி விதிக்கப்படாத எசிங்கே நெடுஞ்சாலையில் போக்குவரத்து சிறிதளவு மட்டுமே அதிகரித்தது.

வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தபோது காத்திருப்பு ஏன் அதைவிட மிகுதியாகக் குறைந்தது என்பதற்கான விளக்கம் நெரிசலின் தன்மையில் உள்ளது. ஒரு சாலையின் கொள்ளளவை நெருங்கும் நிலையில், சில வாகனங்கள் கூடினாலும் வரிசை வேகமாக நீளும். சில குறைந்தாலும் வேகமாகக் கரையும். நீண்ட வரிசைகள் பின்னால் உள்ள சந்திப்புகளையும் அடைப்பதால், வரிசை கரையும்போது உள்நகருக்கே செல்லாத வாகனங்களும் பயன் அடைகின்றன.

பயணப் பழக்கம்

குறைந்த பயணங்கள் எங்கே சென்றன என்பது ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. வேலைக்குச் செல்வோருள் மகிழுந்தைக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் பொதுப் போக்குவரத்துக்கு மாறினர். கடைக்குச் செல்வது, நண்பர்களைச் சந்திப்பது போன்ற பிற பயணங்கள் பொதுப் போக்குவரத்துக்கு மாறவில்லை. அவை வேறு இடத்துக்கு மாறின, ஒன்றிணைக்கப்பட்டன, அல்லது கைவிடப்பட்டன. வீட்டிலிருந்து பணிபுரிவதிலோ மகிழுந்தைப் பகிர்வதிலோ குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. உள்நகர வணிகம் பாதிக்கப்படும் என்ற அச்சத்துக்கு மாறாக, சில்லறை வணிகத்தின் மீதான விளைவு மிகச் சிறிதாகவே இருந்தது.

சுற்றுச்சூழலும் உடல்நலமும்

உள்நகரப் போக்குவரத்தின் மாசு வெளியேற்றம் சுமார் 14 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. ஸ்டாக்ஹோம் மாவட்டம் முழுவதையும் கணக்கில் கொண்டால், கரியமில வாயு வெளியேற்றத்தில் குறைவு 2 முதல் 3 விழுக்காடு. 2018 இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு, வரிக்குப் பின் சிறு குழந்தைகளிடையே கடும் ஆஸ்துமா பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததைக் காட்டியது. காற்றின் தரம் விரைவில் மேம்பட்டாலும், உடல்நலத்தில் முழுப் பயன் படிப்படியாகவே தென்பட்டது என்பதும் அவ்வாய்வின் முடிவாகும். எனவே ஏழு மாத வெள்ளோட்டத்தைக் கொண்டு மட்டும் உடல்நலப் பயனை முழுமையாக அளவிட்டிருக்க முடியாது.

வரி நீக்கப்பட்ட பின்

2006 ஆகத்து 1 முதல் வரி நிறுத்தப்பட்டதும் போக்குவரத்து மீண்டும் உயர்ந்தது. எனினும் 2005 நிலையை முழுமையாக எட்டவில்லை. 5 முதல் 10 விழுக்காடு குறைவாகவே இருந்தது. வரிக்காலத்தில் உருவான புதிய பழக்கங்களைச் சிலர் தொடர்ந்தனர் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கமாகும்.

செலவு-பயன் பகுப்பாய்வு

ஒரு திட்டத்தால் சமூகத்துக்கு ஏற்படும் பயன்கள் அனைத்தையும், செலவுகள் அனைத்தையும் பண மதிப்பில் ஒப்பிடும் முறை செலவு-பயன் பகுப்பாய்வு எனப்படுகிறது. நெரிசல் வரியைப் பொறுத்தவரை இம்முறையில் மூன்று கூறுகளைக் கவனிக்க வேண்டும்.

# செலுத்தப்பட்ட வரி சமூகச் செலவு அன்று. அது ஓட்டுநரிடமிருந்து அரசுக்கு இடம் மாறும் தொகை மட்டுமே. ஓட்டுநரின் இழப்பும் அரசின் வரவும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.
# தொடர்ந்து மகிழுந்தில் செல்வோர் சேமிக்கும் நேரம் பயன் ஆகும். இதைப் பணமாக மாற்ற நேர மதிப்பு பயன்படுத்தப்படுகிறது.
# பயணத்தைக் கைவிட்டவர்களின் இழப்பு செலவு ஆகும். இவர்களுள் சிலருக்கு அப்பயணம் மிகச் சிறிய பயனையே தந்திருக்கும். வேறு சிலருக்கு ஏறத்தாழ வரிக்கு ஈடான பயனைத் தந்திருக்கும். எனவே சராசரியாகப் பாதி மதிப்பு எடுத்துக் கொள்ளப்படுகிறது. இது பாதி விதி என அழைக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 500 பேர் பயன்படுத்தும் ஒரு கற்பனைச் சாலையில் 20 குரோனா வரி விதிக்கப்படுகிறது என்க. 100 பேர் விலகுகின்றனர். மீதமுள்ள 400 பேரும் தலா 3 நிமிடம் சேமிக்கின்றனர். ஒரு நிமிடத்தின் மதிப்பு 1.50 குரோனா எனில், ஒவ்வொருவரின் நேரச் சேமிப்பு 4.50 குரோனா, மொத்தம் 1800 குரோனா. வரியிலிருந்து நேரச் சேமிப்பைக் கழித்தால், பயணத்தின் சுமை தலா 15.50 குரோனா உயர்ந்துள்ளது. பாதி விதியின்படி, விலகிய 100 பேரின் இழப்பு 100 × 7.75 = 775 குரோனா. ஆகவே சமூகத்தின் நிகரப் பயன் 1800 − 775 = 1025 குரோனா. வரி வசூலிக்கும் அமைப்பை இயக்குவதற்கான செலவு இதைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே திட்டம் பயனுள்ளது.

இக்கணக்கில் மற்றொரு செய்தியும் உள்ளது. தொடர்ந்து செல்லும் 400 பேரில் ஒவ்வொருவரும் 4.50 குரோனா மதிப்புள்ள நேரத்தைப் பெற 20 குரோனா செலுத்துகின்றனர். அதாவது சமூகம் முழுவதற்கும் பயன் விளைந்தாலும், வரி வருவாய் எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதைக் கணக்கில் கொள்ளாவிடில், சராசரி ஓட்டுநருக்கு இழப்பே. நெரிசல் கட்டணத் திட்டங்கள் பல நகரங்களில் எதிர்ப்பைச் சந்திப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

ஸ்டாக்ஹோமுக்கான பகுப்பாய்வைத் திட்டத்தின் வடிவமைப்பிலும் மதிப்பீட்டிலும் பங்கேற்ற போக்குவரத்துப் பொருளியலாளர் ஜோனாஸ் எலியாசன் 2009 இல் வெளியிட்டார். முன்கணிப்புகளை அன்றி, உண்மையில் அளக்கப்பட்ட போக்குவரத்தையும் பயண நேரத்தையும் அடிப்படையாகக் கொண்டது இதன் சிறப்பு. அமைப்பை உருவாக்க ஆன செலவு ஏறத்தாழ 190 கோடி குரோனா. ஆண்டுப் பராமரிப்புச் செலவு சுமார் 22 கோடி குரோனா. நேரச் சேமிப்பு, விபத்துக் குறைவு, மாசுக் குறைவு ஆகியவற்றின் மதிப்பைக் கொண்டு முதலீடு சுமார் நான்கு ஆண்டுகளில் மீளும் என்று அப்பகுப்பாய்வு முடிவு கூறியது. அமைப்பு போதிய காலம் நீடித்தால் மட்டுமே இது பொருந்தும். ஏழு மாதங்களில் நிரந்தரமாகக் கைவிடப்பட்டிருந்தால், முதலீட்டின் பெரும்பகுதி வீணாகியிருக்கும்.

முன்கணிப்பு மாதிரிகளின் துல்லியம்

வெள்ளோட்டத்துக்கு முன்னர் கணினி மாதிரிகளைக் கொண்டு விளைவுகள் கணிக்கப்பட்டன. வலய எல்லையில் போக்குவரத்து எவ்வளவு குறையும் என்பதை மாதிரிகள் பெருமளவு சரியாகவே கணித்திருந்தன. அப்போது பலர் இக்கணிப்பை நம்பவில்லை. ஆனால் பயண நேரம் எவ்வளவு குறையும் என்பதை மாதிரிகள் குறைத்தே மதிப்பிட்டன. பயன்படுத்தப்பட்டவை நிலைமாதிரிகள், ஒரு சாலையின் வரிசை பின்னால் உள்ள சாலைகளை அடைப்பதை அவற்றால் கணக்கில் கொள்ள இயலவில்லை. நெரிசல் மிகுந்த நகரங்களில் இவ்வகை மாதிரிகளை மட்டும் நம்பினால், பயனுள்ள திட்டம் ஒன்று பயனற்றதாகத் தோன்றக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்பட்ட பாடமாகும்.

பொது வாக்கெடுப்பு

2006 செப்டெம்பர் 17 அன்று, பொதுத் தேர்தலுடன் இணைத்து, ஸ்டாக்ஹோம் நகராட்சியில் வாக்கெடுப்பு நடந்தது. 51.3 விழுக்காட்டினர் ஆதரவாகவும் 45.5 விழுக்காட்டினர் எதிராகவும் வாக்களித்தனர். எஞ்சியவை வெற்று வாக்குகள். வெள்ளோட்டத்துக்கு முந்தைய கருத்துக் கணிப்புகளில் ஆதரவு 40 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. விளைவுகளை நேரில் கண்ட பின்னரே ஆதரவு உயர்ந்தது.

சுற்றியுள்ள நகராட்சிகளுள் 14 தாமாகவே வாக்கெடுப்பு நடத்தின. அவற்றில் எதிர்ப்பு வாக்குகளே மிகுதியாக இருந்தன. யாருடைய வாக்கு கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்ற கேள்வி இதனால் எழுந்தது. உள்நகரத்தார் தூய காற்றையும் அமைதியான தெருக்களையும் பெறுகின்றனர். புறநகரத்தார் நாள்தோறும் எல்லையைக் கடந்து வேலைக்கு வருகின்றனர். செலவு-பயன் பகுப்பாய்வு இரு தரப்பினரின் பயனையும் இழப்பையும் ஒன்றாகக் கூட்டுகிறது. வாக்கெடுப்பு நகராட்சி எல்லையில் நின்றுவிடுகிறது.

அதே தேர்தலில் சமூக சனநாயகக் கட்சி தேசிய அளவிலும் நகரத்திலும் ஆட்சியை இழந்தது. ஃபிரெட்ரிக் ரைன்ஃபெல்ட் தலைமையில் அமைந்த புதிய கூட்டணி அரசின் கட்சிகள் முன்னர் வரியை விமர்சித்து வந்தவை. எனினும் நகர வாக்காளர்களின் முடிவை ஏற்று வரியைத் தொடரவும், வருவாயை ஸ்டாக்ஹோம் வட்டாரச் சாலைகளுக்குப் பயன்படுத்தவும் புதிய அரசு முடிவு செய்தது.

நிரந்தர அமைப்பு

2007 ஆகத்து 1 அன்று வரி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகையும் வாகனங்களும் பெருகிய போதிலும், அதன் பின்வந்த ஆண்டுகளில் எல்லையைக் கடக்கும் போக்குவரத்து 2005 நிலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாகவே நீடித்தது. மக்கள் வரிக்குப் பழகிவிடுவர், விளைவு மங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு மெய்ப்படவில்லை. பொதுமக்கள் ஆதரவு 2011 அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியது.

பின்னர் செய்யப்பட்ட முக்கிய மாற்றங்கள்:

* 2009 – 2012: மாற்று எரிபொருள் மகிழுந்துகளுக்கான விலக்கு படிப்படியாக நீக்கப்பட்டது. விலக்கினால் இத்தகைய மகிழுந்துகள் வேகமாகப் பெருகியதால், வரியின் நெரிசல் குறைப்பு விளைவு பலவீனமடையும் நிலை இருந்தது.
* 2015: வெளிநாட்டில் பதிவான வாகனங்களுக்கும் வரி விரிவாக்கப்பட்டது.
* 2016: உள்நகர உச்ச வரி 20 இலிருந்து 35 குரோனாவாகவும், நாள் வரம்பு 60 இலிருந்து 105 குரோனாவாகவும் உயர்த்தப்பட்டன. எசிங்கே நெடுஞ்சாலைக்கும் வரி விதிக்கப்பட்டது. இவ்வுயர்வு 2013 இல் உடன்பாடு கண்ட சுரங்கத் தொடர்வண்டி விரிவாக்கத்துக்கு நிதி அளிப்பதற்காகவும் செய்யப்பட்டது.
* 2020: போக்குவரத்து மிகுந்த பருவங்களில் உச்ச வரி 45 குரோனாவாகவும், நாள் வரம்பு 135 குரோனாவாகவும் உயர்த்தப்பட்டன. வரி நேரம் காலை 6 மணிக்கே தொடங்குமாறு மாற்றப்பட்டது.

விமர்சனங்கள்

வரி ஏழைகளைப் பாதிக்கும் என்பது பரவலாக முன்வைக்கப்பட்ட விமர்சனமாகும். ஸ்டாக்ஹோமில் நடந்த ஆய்வுகளின்படி, சராசரியாக மிகுந்த வரியைச் செலுத்தியவர்கள் உயர் வருவாய்ப் பிரிவினரும், ஆண்களும், உள்நகரில் வசிப்போருமே. குறைந்த வருவாய்ப் பிரிவினர் பெரும்பாலும் ஏற்கெனவே பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தி வந்தனர். எனினும் சராசரி என்பது ஒவ்வொருவரின் நிலையையும் காட்டுவதில்லை. பேருந்து ஓடாத நேரத்தில் பணிக்குச் செல்லும் குறைந்த வருவாய் உடைய ஒருவருக்கு இவ்வரி கடும் சுமையாக அமையலாம். வருவாய் எதற்குச் செலவிடப்படுகிறது என்பதே திட்டத்தின் இறுதிச் சமத்துவ விளைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பொதுப் போக்குவரத்துக்குச் செலவிட்டால் அது குறைந்த வருவாய்ப் பிரிவினருக்குச் சாதகமாக அமைகிறது.

செலவு-பயன் பகுப்பாய்வின் மீதும் பொதுவான விமர்சனங்கள் உள்ளன. முடிவு பெரும்பாலும் நேர மதிப்பையே சார்ந்துள்ளது. தெருவின் அமைதி, நகரின் அழகு, குழந்தைகள் அச்சமின்றிச் சாலையைக் கடப்பது போன்றவற்றைப் பணமாக மாற்றுவது கடினம். மேலும், நெரிசல் வரியின் நோக்கம் நெரிசல் குறைப்பிலிருந்து மெல்ல நிதி திரட்டலுக்கு மாறுகிறது என்ற கருத்தும் 2016 உயர்வுக்குப் பின் கூறப்பட்டது.

பிற நகரங்களில்

சுவீடனின் கோத்தென்பர்க் நகரில் நெரிசல் வரி 2013 சனவரி 1 அன்று தொடங்கியது. 2014 செப்டெம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் எதிராக வாக்களித்தனர். அவ்வாக்கெடுப்பு ஆலோசனைத் தன்மை உடையதாக இருந்ததால், வரி தொடர்ந்தது.

பிரித்தானியாவின் எடின்பரோ (2005), மான்செஸ்டர் (2008) ஆகிய நகரங்களில் வெள்ளோட்டம் இன்றியே வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. இரண்டிலும் திட்டம் பெரும் வேறுபாட்டில் தோல்வியுற்றது. இத்தாலியின் மிலான் நகரில், 2008 முதல் மாசு அடிப்படையிலான கட்டணம் இருந்து வந்தது. 2011 வாக்கெடுப்பில் கிடைத்த ஆதரவைத் தொடர்ந்து, 2012 இல் அது நெரிசல் கட்டணமாக மாற்றப்பட்டது. நியூ யார்க் நகரின் மன்காட்டன் தீவில், 60 ஆம் தெருவுக்குத் தெற்கே உள்ள பகுதிக்கான நெரிசல் கட்டணம் 2024 சூனில் தொடங்கவிருந்த நிலையில் ஒத்திவைக்கப்பட்டு, பின்னர் 2025 சனவரி 5 அன்று நடைமுறைக்கு வந்தது.

இந்நகரங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், நெரிசல் கட்டணத்துக்கான ஆதரவு திட்டம் நெருங்கும்போது குறைந்து, நடைமுறைக்கு வந்த பின் உயரும் போக்கைச் சுட்டியுள்ளனர். மக்களிடம் கேட்கும் முன் அவர்களுக்கு விளைவுகளைக் காட்டியதும், அவ்விளைவுகளை அளந்து வெளியிட்டதும் ஸ்டாக்ஹோமை எடின்பரோவிலிருந்தும் மான்செஸ்டரிலிருந்தும் வேறுபடுத்துகின்றன.

இவற்றையும் பார்க்க

* செலவு-பயன் பகுப்பாய்வு
* புறவிளைவு
* போக்குவரத்து நெரிசல்
* பொதுப் போக்குவரத்து
* வில்லியம் விக்ரி
* ஸ்டாக்ஹோம்